பனிக்காக வழக்காடும் வீரர்கள்

1994 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் நான் உதவி ஆசிரியனாகச் சேர்ந்து அதிக காலமாகவில்லை. நோர்வேயின் லில்லஹாமர் நகரில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றுக்கொண்டிருந்தன. வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்தின் அச்சுப்பொறி நீளநீளமாகத் தாளைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதில் வரும் போட்டிகளின் பெயர்களுக்குத் தமிழ்ச் சொல் தேடுவதிலேயே எங்கள் மாலைப்பொழுது கழிந்துவிடும். பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த மூத்தவர், "பனியைக் கண்ணால் காணாத எங்கள் வாசகனுக்கு இது எதற்குத் தம்பி?" என்று கேட்டபடி எல்லாவற்றையும் நான்கு வரிகளுக்குள் சுருக்கிவிடுவார். அன்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அந்த வாசகரின் பிள்ளைகள் இன்று ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் வேலைக்குப் புறப்படுமுன் வாசலில் குவிந்த பனியை அள்ளிக் கொட்டுகிறார்கள். அந்தப் பனி ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது என்று முதலில் உரக்கச் சொன்னவர்களுள், அதன் மீது சறுக்கிப் பிழைக்கும் விளையாட்டு வீரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஜனாதிபதிகளுக்குக் கடிதம் எழுதினார்கள், சட்டசபைகளின் படியேறினார்கள், தம்மை ஆளும் சம்மேளனத்தையே எதிர்த்து நின்றார்கள். நான்கு வரிகளுக்குள் அடங்காத அந்த வரலாற்றைச் சற்று விரிவாகப் பதிவுசெய்வதே இந்தக் கட்டுரையின் நோக்கமாகும்.

பனி இல்லாத ஒலிம்பிக்

குளிர்கால ஒலிம்பிக்கின் கதை 1924 இல் பிரான்ஸின் ஷமோனி என்ற மலையடிவார ஊரில் தொடங்குகிறது. அப்போது அதற்கு "சர்வதேச குளிர்கால விளையாட்டு வாரம்" என்றே பெயர். அது முதலாவது குளிர்கால ஒலிம்பிக் என்ற தகுதியைப் பின்னரே பெற்றது.

நான்கு ஆண்டுகள் கழித்து 1928 இல் சுவிற்சர்லாந்தின் சென் மொரிட்ஸில் இரண்டாவது போட்டிகள் நடந்தன. அங்கே இயற்கை தன் கைவரிசையைக் காட்டியது. 50 கிலோமீற்றர் நெடுந்தொலைவுப் பனிச்சறுக்குப் போட்டி காலையில் ஆரம்பமானபோது வெப்பநிலை உறைநிலையை ஒட்டியிருந்தது. நண்பகலில் அது 25 பாகை செல்சியஸாக உயர்ந்தது. காலைப் பனிக்கு ஏற்ற மெழுகைச் சறுக்குப் பலகைகளில் பூசி வந்தவர்கள் ஈரச் சகதியில் தவித்துப் போனார்கள். சுவீடனின் பேர் எரிக் ஹெட்லண்ட், அடுத்து வந்தவரை 13 நிமிடங்களுக்கும் மேல் பின்தள்ளி வெற்றிபெற்றார். அதே போட்டிகளில் 10,000 மீற்றர் வேகச் சறுக்கோட்டம் பாதியிலேயே கைவிடப்பட்டது. முன்னணியில் நின்றவர் அமெரிக்கரான இர்விங் ஜஃபி. ஆனால் பனிக்கட்டித் தளம் உருகிவிட்டதால் எவருக்கும் பதக்கம் வழங்கப்படவில்லை.

அந்த வெப்பத்தைக் கொண்டுவந்தது அல்ப்ஸ் மலையைத் தாண்டி இறங்கும் 'ஃபோன்' என்ற வறண்ட காற்று. மட்டக்களப்பு மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது சூடேறி வீசும் கச்சான் காற்றும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே 1928 இல் நிகழ்ந்ததைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுவது பிழையாகும். அது ஒரு காற்றின் குறும்பு. ஆயினும் பனி இல்லாமற் போனால் இந்த விளையாட்டுக்கு என்ன நேரும் என்பதை உலகுக்கு முதலில் காட்டியது அந்த நாள்தான்.

1964 இல் ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் நிலைமை இன்னும் வேடிக்கையானது. மலைகளில் பனி போதவில்லை. ஒஸ்திரிய இராணுவம் களமிறக்கப்பட்டது. படையினர் உயரமான மலைகளிலிருந்து 20,000 பனிக்கட்டிப் பாளங்களை வெட்டி, பொப்ஸ்லே, லூஜ் வண்டிகளின் ஓடுபாதைக்குக் கொண்டுவந்தார்கள். சறுக்குப் போட்டிகளுக்கென்று 40,000 கன மீற்றர் பனி மலைச்சரிவுகளுக்கு ஏற்றப்பட்டது. கால்களாலும் கைகளாலும் பனியை மிதித்து இறுக்கியவர்களும் அந்தப் படையினரே.

இதற்குள் அமெரிக்காவில் வேறொரு வழி பிறந்திருந்தது. 1949-50 குளிர்காலத்தில் கனெக்ரிகட் மாநிலத்தில் பனி பொய்த்தது. அந்த மாநிலத்தில் சறுக்குப் பலகை தயாரித்துவந்த வேய்ன் பியர்ஸ், ஆர்ட் ஹன்ட், டேவ் ரிச்சி ஆகிய மூவரும் பனி இன்றேல் தமக்கு வியாபாரமும் இல்லை என்பதை உணர்ந்தார்கள். அழுத்தப்பட்ட காற்றையும் நீரையும் ஒரு குழாயின் வாயிலாகக் குளிர்காற்றில் பீய்ச்சியடித்தால் பனித்துகள் விழும் என்று 1950 இல் கண்டுபிடித்தார்கள். இன்று 'பனிப்பீரங்கி' எனப்படும் இயந்திரத்தின் தொடக்கம் அது. 1980 இல் அமெரிக்காவின் லேக் பிளசிட்டில் நடந்த ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் பனி பயன்படுத்தப்பட்டது.

அதன் பின்னர் எல்லாம் வேகமாக நடந்தேறின. 2010 இல் கனடாவின் வன்கூவருக்கு அருகேயுள்ள சைப்பிரஸ் மலைக்கு லொறிகளிலும் ஹெலிகொப்டர்களிலும் பனி கொண்டுவரப்பட்டது. 2014 இல் ரஷ்யாவின் சோச்சியில் முந்திய குளிர்காலத்துப் பனி வெப்பம் புகாத போர்வைகளின் கீழ்ச் சேமித்து வைக்கப்பட்டது. 2022 இல் பீஜிங் ஒலிம்பிக்கின் சறுக்குப் போட்டிகள் ஏறத்தாழ முழுவதுமாகச் செயற்கைப் பனியிலேயே நடந்தன. பழுப்பு மலைகளின் நடுவே வெள்ளை நாடா விரித்ததுபோன்ற அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்ட பலருக்கும் அது நினைவிலிருக்கும்.

இந்தத் தொண்ணூறு சொச்ச ஆண்டுகளிலும் ஏற்பாட்டாளர்கள் செய்தது ஒன்றுதான். பனி வராவிட்டால் பனியைக் கொண்டுவருவது. நோய் என்னவென்று கேட்காமல் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதைப் போன்றது இது. பனிப்பீரங்கிக்கும் நீர் வேண்டும், மின்சாரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குளிர் வேண்டும். காற்று போதிய அளவு குளிராவிட்டால் பீரங்கி மழையைத்தான் பொழியும்.

எண்கள் சொல்வது

ஒரு குளிர்காலத்தை வைத்துக் காலநிலையைப் பேசக்கூடாது என்பது நியாயமான வாதம். எனவே நீண்டகாலக் கணக்கைப் பார்ப்போம். கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் டானியல் ஸ்கொட் தலைமையிலான ஆய்வாளர்கள், ஒலிம்பிக் நடந்த ஊர்களின் பெப்ரவரி மாதப் பகல் வெப்பநிலையைத் திரட்டினார்கள். 1920 களிலிருந்து 1950 கள் வரை நடந்த போட்டிகளில் அதன் சராசரி 0.4 பாகை செல்சியஸ். 1960 களிலிருந்து 1990 கள் வரை அது 3.1 பாகை. இந்த நூற்றாண்டில் நடந்த போட்டிகளில் 6.3 பாகை. ஒலிம்பிக் வெதுவெதுப்பான ஊர்களுக்குச் சென்றதும் இதற்கு ஒரு காரணமே. ஆனால் பூமி சூடானதும் மற்றொரு காரணம். பச்சைவீட்டு வாயுக்களின் வெளியேற்றம் கட்டுப்படுத்தப்படாமல் உயர்ந்துகொண்டே போனால், இதுவரை போட்டிகளை நடத்திய 21 இடங்களில் இந்த நூற்றாண்டின் இறுதியை அண்டிய காலத்தில் நம்பத்தகுந்த ஒரே இடமாக ஜப்பானின் சப்போரோ மட்டுமே மிஞ்சும் என்பது அவர்களின் 2022 ஆம் ஆண்டு முடிவு.

2023 ஜனவரியில் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட மற்றொரு ஆய்வு எனக்கு மிகவும் வியப்பூட்டியது. அல்ப்ஸ் மலைச்சரிவில் தரையோடு படர்ந்து வளரும் ஜுனிப்பர் புதர், பனி மூடியிருக்கும்வரை வளர்வதில்லை. ஆகவே அதன் தண்டின் வளையங்கள் ஒவ்வோர் ஆண்டும் பனி எவ்வளவு நாள் கிடந்தது என்பதைப் பதிவுசெய்து வைத்திருக்கின்றன. அந்த வளையங்களைப் படித்து ஆறு நூற்றாண்டுகளின் பனிக்கணக்கை அவர்கள் எழுதினார்கள். நீண்டகாலச் சராசரியை விட இப்போது பனி தரையில் கிடக்கும் காலம் 36 நாட்கள் குறைந்துவிட்டது. அறுநூறு ஆண்டுகளில் இத்தகைய வீழ்ச்சி வேறெப்போதும் இருந்ததில்லை.

மௌனம் கலைந்த விதம்

இத்தனை நடந்தும் வீரர்கள் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு வீரரின் போட்டி வாழ்வு மிகக் குறுகியது. அவரை அணியில் சேர்ப்பது சம்மேளனம். அவருக்குப் படியளப்பது அனுசரணை நிறுவனம். அந்த நிறுவனங்களுள் கார், விமானம், எண்ணெய் வியாபாரம் செய்பவையும் உண்டு. விளையாட்டையும் அரசியலையும் கலக்கக்கூடாது என்ற பழைய உபதேசம் வேறு.

ஆனாலும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட அதே லில்லஹாமரில், மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற நோர்வேயின் வேகச் சறுக்கோட்ட வீரர் யொஹான் ஒலாவ் கொஸ், தமக்குக் கிடைத்த பரிசுப் பணத்தைப் போரில் சிக்கியிருந்த சரயேவோ மக்களுக்கான நிதிக்கு வழங்கி, நாட்டு மக்களையும் வழங்குமாறு வேண்டினார். சரயேவோ 1984 இல் குளிர்கால ஒலிம்பிக்கை நடத்திய நகரம். அதன் ஓடுபாதைகள் அப்போது பீரங்கி நிலைகளாக மாறியிருந்தன. அதே 1994 இல்தான் சர்வதேச ஒலிம்பிக் குழு, விளையாட்டு, பண்பாடு ஆகியவற்றோடு சுற்றுச்சூழலையும் தன் மூன்றாவது தூணாக அறிவித்தது. தூண் நாட்டப்பட்டதே தவிர, அதன் மேல் கூரை எழுவதற்கு நீண்ட காலம் பிடித்தது.

முதற்குரல் ஒலிம்பிக்குக்கு வெளியேயிருந்து வந்தது. ஜெரமி ஜோன்ஸ் என்ற அமெரிக்கர், பனிப்பலகையில் செங்குத்தான மலைச்சரிவுகளில் இறங்குவதில் பெயர்பெற்றவர். கனடாவின் பிரித்தானிய கொலம்பியாவில், பனியின்மையால் மூடப்பட்ட ஒரு சறுக்கு மையத்தைக் கண்டபோது அவர் துணுக்குற்றார். அந்தச் சரிவில் சறுக்கி வளர்ந்தவர் கிழவர் அல்லர். தம்மையொத்த இளம் வயதினர். ஒரு மனிதனின் இளமைக்குள்ளேயே ஒரு மலையின் குளிர்காலம் முடிந்துபோயிருந்தது. பனியை நேசிப்போருக்கென்று காலநிலை பற்றிப் பேசும் அமைப்பு ஒன்றைத் தேடினார். கிடைக்கவில்லை. 2007 இல் தாமே ஒன்றைத் தொடங்கினார். 'புரொட்டெக்ட் அவர் வின்டர்ஸ்', அதாவது 'எங்கள் குளிர்காலங்களைக் காப்போம்' என்பது அதன் பெயர். பின்னர் ஒஸ்திரியா, சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, நோர்வே, பின்லாந்து, பிரித்தானியா, கனடா எனப் பல நாடுகளிலும் அதன் கிளைகள் தோன்றின.

ஜோன்ஸ் புத்திசாலித்தனமான ஒரு காரியத்தைச் செய்தார். துருவக் கரடியைக் காட்டிக் கண்ணீர் வடிக்காமல் பணக்கணக்கைக் காட்டினார். 2012 இல் அவரது அமைப்பும் மற்றொரு சுற்றுச்சூழல் அமைப்பும் சேர்ந்து, நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக ஆய்வாளர்களைக் கொண்டு ஓர் அறிக்கையை வெளியிட்டன. அமெரிக்காவின் குளிர்காலச் சுற்றுலாத் தொழிலின் பெறுமதி 12.2 பில்லியன் டொலர் என்றும், முந்திய பத்தாண்டுகளில் பனி குறைந்த பருவங்களால் ஏற்பட்ட வருமான இழப்பு ஒரு பில்லியன் டொலருக்கும் அதிகம் என்றும் அது கணக்கிட்டது. வேலை இழப்பு 13,000 முதல் 27,000 வரை. சறுக்கு மையத்தின் முதலாளி வேண்டுமானால் வேறு தொழிலுக்குப் போய்விடலாம். இழுவை ஊர்தியை இயக்குபவரும், தங்குவிடுதியில் படுக்கை விரிப்பவரும், உணவகத்தில் கோப்பை கழுவுபவருமே நடுத்தெருவில் நிற்பார்கள்.

2013 ஏப்ரலில் 75 வீரர்கள் கையொப்பமிட்ட கடிதம் ஜனாதிபதி ஒபாமாவுக்குச் சென்றது. 2014 இல் சோச்சி ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்க நெடுந்தொலைவுச் சறுக்கு வீரர் அன்ட்ரூ நியூவெல் முன்னின்று திரட்டிய அறிக்கையில் 105 ஒலிம்பிக் வீரர்கள் ஒப்பமிட்டார்கள். அடுத்த ஆண்டு பரிஸில் கூடவிருந்த உலகத் தலைவர்கள் ஓர் உடன்பாட்டுக்கு வரவேண்டும் என்பது அவர்களின் வேண்டுகோள். 2018 ஏப்ரலில், தென்கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக் முடிந்த சூட்டோடு, ஜெஸி டிகின்ஸ், டேவிட் வைஸ், ஏரியல் கோல்ட், மடி ஃபனியூஃப், ஸ்ரேசி குக் ஆகிய ஐவர் வொஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் அவர்களின் அலுவலர்களுக்கும் தாம் கண்டதை எடுத்துரைத்தார்கள். அவர்களுள் டிகின்ஸ், கிக்கன் ரன்டலுடன் இணைந்து நெடுந்தொலைவுச் சறுக்கில் அமெரிக்காவுக்கு முதலாவது ஒலிம்பிக் தங்கத்தை வென்று இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன.

விஞ்ஞானி வரைபடத்தைக் காட்டுகிறார். வீரரோ, "பன்னிரண்டு வயதில் நான் பயிற்சி பெற்ற சரிவு இப்போது கற்பாறையாகிவிட்டது" என்று சொல்லக்கூடியவர். ஒரே மலைக்கு, ஒரே மாதத்தில், ஆண்டுதோறும் திரும்பி வருபவர் அவர். மழையையும் நிலத்தையும் பற்றி ஒரு கமக்காரன் சொல்லும் வார்த்தைக்கு எங்கள் ஊர்களில் இருக்கும் மதிப்பு, பனியைப் பற்றி இவர்கள் சொல்வதற்கும் உண்டு.

சொந்த வீட்டில் எதிர்ப்பு

அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதுவது எளிது. தம்மை ஆளும் சம்மேளனத்தோடு மோதுவதுதான் கடினம். அந்த மோதல் 2019 பெப்ரவரியில் தொடங்கியது. 1998 முதல் சர்வதேச பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த ஜியன் பிராங்கோ காஸ்பர், ஒரு சுவிஸ் பத்திரிகைக்கு அளித்த பேட்டியில் காலநிலை மாற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்ற பொருள்படப் பேசிவிட்டார். அவர் பதவி விலக வேண்டும் என்று ஜோன்ஸின் அமைப்பு அறைகூவல் விடுத்தது. ஆயிரக்கணக்கானோர் அதில் இணைந்தார்கள். தம் சொற்களை அப்படியே பொருள்கொள்ளக்கூடாது என்று விளக்கி, காஸ்பர் மன்னிப்புக் கோரினார். பதவி மட்டும் 2021 வரை அவரிடமே இருந்தது.

2022 இன் இறுதியில் ஐரோப்பாவில் விசித்திரமான குளிர்காலம் நிலவியது. புத்தாண்டு நாளில் அல்ப்ஸின் தாழ்ந்த மலைச்சரிவுகள் பச்சைப் புல்வெளியாகக் கிடந்தன. பல சறுக்கு மையங்கள் மூடப்பட்டன. அந்தச் சூழலில், 2023 பெப்ரவரியில் பிரான்ஸின் கூர்ஷவெல், மெரிபெல் ஆகிய இடங்களில் உலக வல்லவர் போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோது, ஒஸ்திரிய வீரர் ஜூலியன் ஷுட்டர் முன்னின்று எழுதிய பகிரங்கக் கடிதம் ஒன்று சம்மேளனத்திடம் கையளிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான வீரர்கள் அதில் ஒப்பமிட்டிருந்தனர். உலகக் கிண்ணப் போட்டிகளில் அதிக வெற்றிகள் என்ற சாதனையை அடுத்த மாதமே எட்டிய அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின், இத்தாலியின் ஃபெடரிக்கா பிரிக்னோனே, நோர்வேயின் அலெக்சாண்டர் ஆமொட் கில்டே போன்ற முன்னணியினரும் அவர்களுள் அடங்குவர்.

கடிதத்தின் கோரிக்கைகள் வெறும் உணர்ச்சி வார்த்தைகளாக இருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. சம்மேளனத்தின் போட்டிகளால் ஏற்படும் வாயு வெளியேற்றத்தை 2030 இற்குள் பாதியாகக் குறைத்து, 2035 இற்குள் நிகரமாகப் பூச்சியமாக்க வேண்டும். போட்டிப் பருவத்தை ஒக்டோபர் இறுதியில் தொடங்காமல் நவம்பர் இறுதிக்குத் தள்ளி, பனி இருக்கும் ஏப்ரல் வரை நீடிக்க வேண்டும். பயணத்தைக் குறைக்கும் வகையில் போட்டி அட்டவணை அமைய வேண்டும். ஆண்கள் அணிகள் அந்த ஒரு பருவத்திலேயே அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி இருமுறை வட அமெரிக்காவுக்குப் பறந்து வந்திருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால் இக்கோரிக்கையின் நியாயம் விளங்கும்.

மலையைத் தோண்டிய இயந்திரங்கள்

பருவத்தை ஏன் பின்தள்ளச் சொன்னார்கள் என்பதைச் சேர்மட் கதை நன்கு விளக்குகிறது. சுவிற்சர்லாந்தின் சேர்மட்டில் தொடங்கி எல்லை தாண்டி இத்தாலியின் செர்வீனியாவில் முடியும் புதிய உலகக் கிண்ணப் போட்டியொன்றைச் சம்மேளனம் திட்டமிட்டது. புகழ்பெற்ற மற்றர்ஹோர்ன் சிகரத்தின் நிழலில், பனியாறுகளின் மீது, இரு நாடுகளை இணைத்து ஓடும் பாதை அது. 2022 இல் பனி போதாமல் நான்கு போட்டிகளும் கைவிடப்பட்டன. 2023 இலையுதிர்காலத்தில் பாதையைத் தயார்செய்யப் பெக்கோ இயந்திரங்கள் தியோடுல் பனியாற்றின் மீது ஏறின. பனியாற்றை இயந்திரம் தோண்டும் படங்கள் வெளியானதும் ஐரோப்பா அதிர்ந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே வேலை நடப்பதாகக் கண்ட மாநில ஆணைக்குழு அப்பகுதியில் பணிகளை நிறுத்தப் பணித்தது. அந்த ஆண்டும் பனிப்பொழிவும் பெருங்காற்றும் குறுக்கிட, நான்கு போட்டிகளும் ரத்தாயின. இரு ஆண்டுகளில் எட்டுப் போட்டிகள் அறிவிக்கப்பட்டு ஒன்றுகூட நடக்கவில்லை. 2024 இல் அந்த ஊர் அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது.

அதே 2022 ஆம் ஆண்டிலும் 2023 ஆம் ஆண்டிலும் சுவிற்சர்லாந்தின் பனியாறுகள் தம் மொத்தக் கனவளவில் 10 சதவீதத்தை இழந்தன என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

அவர்கள் கையிலும் கறை உண்டு

இந்த வீரர்களைப் புகழ்ந்து முடித்துவிட்டால் நான் பத்திரிகையாளனாக இருப்பதில் பொருளில்லை. அவர்கள் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு பாரதூரமானது. ஆண்டில் பாதியை விமானத்தில் கழிப்பவர்கள், ஹெலிகொப்டரில் மலையுச்சிக்கு ஏறி இறங்குபவர்கள், செல்வந்தர்களின் விளையாட்டை ஆடுபவர்கள் உலகுக்கு உபதேசிக்கலாமா என்ற கேள்வியை இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. பனிச்சறுக்குச் சுற்றுலாவின் வாயு வெளியேற்றத்தில் பெரும்பங்கு, பயணிகள் வந்துபோவதாலேயே ஏற்படுகிறது.

ஜோன்ஸ் இதற்குத் தம் வழியில் விடை கண்டார். ஹெலிகொப்டரையும் பனி மோட்டார் வண்டியையும் கைவிட்டு, தம் கால்களாலேயே மலையேறி இறங்கினார். 2010 முதல் 2014 வரை வெளிவந்த 'டீப்பர்', 'ஃபர்தர்', 'ஹையர்' என்ற மூன்று திரைப்படங்களும் அப்படி எடுக்கப்பட்டவையே. ஆனால் எல்லோராலும் அது முடியாது. போட்டி எங்கே என்று தீர்மானிப்பவர் வீரர் அல்லர். பறக்க மறுத்தால் அவரது இடத்தில் இன்னொருவர் பறப்பார். அதனாற்றான் அவர்கள் தனிமனிதத் தூய்மையைப் பேசாமல் அட்டவணையையும் சட்டத்தையும் மாற்றச் சொல்கிறார்கள். குற்றமற்றவன் மட்டுமே பேசலாம் என்று விதித்தால், காலநிலையைப் பற்றிப் பேச உலகில் எவரும் மிஞ்சமாட்டார்கள். அந்த மௌனம் யாருக்கு இலாபம் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

சரி, இவர்கள் எதைச் சாதித்தார்கள்? கணக்கை நேர்மையாகவே பார்ப்போம். 2015 இல் பரிஸ் உடன்பாடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் அமெரிக்கா அதிலிருந்து ஒருமுறை வெளியேறி, திரும்பி வந்து, 2025 ஜனவரியில் மீண்டும் விலகுவதாக அறிவித்தது. ஜோன்ஸின் அமைப்பும் ஆதரித்த 2022 ஆம் ஆண்டின் தூய எரிசக்திச் சட்டத்தின் பல சலுகைகள் 2025 இல் வெட்டப்பட்டன. 2024 இல் பனிச்சறுக்குச் சம்மேளனம் உலக வானிலை அமைப்புடன் ஒப்பந்தம் செய்தது. ஆனால் 2025 ஆம் ஆண்டிலும் உலகக் கிண்ணப் பருவம் ஒஸ்திரியாவின் சோல்டன் பனியாற்றில் ஒக்டோபர் இறுதியிலேயே ஆரம்பித்தது. 2026 பெப்ரவரியில் இத்தாலியில் நடந்த ஒலிம்பிக்கின் பங்காளர்களுள் எண்ணெய், எரிவாயு நிறுவனமான எனியும் இருந்தது. ஆக, சொற்களில் வெற்றி. செயலில் பெரும்பாலும் தோல்வி.

எனினும் ஒன்று மாறிவிட்டது. 2022 இல் 20 நாடுகளைச் சேர்ந்த 339 வீரர்களிடமும் பயிற்றுநர்களிடமும் கேட்கப்பட்டபோது, 94 சதவீதமானோர் தம் விளையாட்டின் எதிர்காலம் காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் என்று அஞ்சுவதாகக் கூறினார்கள். ஒரு காலத்தில் சம்மேளனத் தலைவரே மறுத்ததை இன்று மறுக்கும் துணிவு எவருக்கும் இல்லை. 2030 ஆம் ஆண்டுப் போட்டிகளுக்கு இடம் தேர்வதை 2022 இன் இறுதியில் ஒத்திவைத்தபோது, காலநிலையையும் ஒரு காரணமாக ஒலிம்பிக் குழு வெளிப்படையாகவே சொன்னது.

பனி என்ற குளம்

"எங்கள் வாசகனுக்கு இது எதற்கு?" என்று அன்று கேட்ட மூத்தவருக்கு இன்று நான் பதில் சொல்வதானால் இப்படிச் சொல்வேன்.

மலையில் கிடக்கும் பனி, அணைக்கட்டு இல்லாத ஒரு குளம். மாரியில் பெய்த நீரைத் தேக்கி, கோடையில் வாய்க்காலில் விடும் வன்னிக் குளங்கள் செய்யும் வேலையைத்தான் அல்ப்ஸில் பனி செய்கிறது. ரைன், ரோன், போ ஆகிய ஆறுகள் கோடையில் வற்றாமல் ஓடுவதில் பனிக்குப் பெரும் பங்குண்டு. 2022 இல் முந்திய குளிர்காலப் பனியும் மழையும் பொய்த்தபோது, இத்தாலியின் போ ஆறு எழுபது ஆண்டுகளில் காணாத வறட்சியைக் கண்டது. அங்கே முதலில் வாடியது விளையாட்டு அல்ல, வயல்.

இன்னொன்றும் உண்டு. சுவிற்சர்லாந்துக்கு அகதிகளாகச் சென்ற எம்மவர்களில் முதல் தலைமுறையினர் பெருமளவில் உணவகங்களினதும் தங்குவிடுதிகளினதும் சமையலறைகளிலேயே வேலை பெற்றார்கள். பனி பார்க்க வரும் பயணியை நம்பியிருக்கும் அடுப்புகள் அங்கே பல. மேலே சறுக்குபவரின் பெயர் பத்திரிகையில் வரும். கீழே சமைப்பவரின் பெயர் வராது. பனி போனால் இருவருக்கும் வேலை போகும்.

முதலாவது குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஷமோனிக்கு மேலே 'மேர் டி கிளாஸ்' என்ற பெரும் பனியாறு இருக்கிறது. 'பனிக்கடல்' என்பது அதன் பொருள். 1988 இல் அங்கே கம்பிவட ஊர்தி அமைக்கப்பட்டபோது, இறங்கிய பயணி சில படிகளில் பனியைத் தொட்டுவிடலாம். பனியாறு கீழே கீழே போகப் படிகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஐந்நூறைத் தாண்டிவிட்டன. பாறைச் சுவரில் இன்ன ஆண்டில் பனி இந்த மட்டத்தில் இருந்தது என்று பலகைகள் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் குளங்களில் வெள்ளம் வந்த மட்டத்தைக் கோடிட்டு வைப்பதுண்டு. அங்கே பனி போன மட்டத்தைக் குறித்து வைக்கிறார்கள்.

அந்தப் பலகைகளைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்த வீரர்கள்தான் இன்று வழக்காடுகிறார்கள். தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை.